ஷெட்டுப் பாஷை

ஐஸ் பெட்டியின் கண்ணாடி வியர்த்துக்கொண்டே இருந்தது. அம்பிளி அதை ஷாலால் துடைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மடியில் கிடந்த அம்மாவின் போன் டிங் என்றது. அம்மாவின் இறால் ஷெட் தோழி குனியின் குரல் செய்தி. காதோடு அழுத்தினாள். பின்னால் ரயில் இரைச்சல்.

“காளியக்கா! குனி திருச்சூர் வந்து. பொரி இருக்கு, ஊறுகா இருக்கு. நாளை ஷெட் போலாம், நீ நான் ஏக் பாத்திரம்! உன் கால் வலி போச்சு?”

அம்பிளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை ஏழு மணிக்கே இவளிடம் சொல்லியாகிவிட்டதே! நல்ல மலையாளத்தில், நிறுத்தி நிறுத்தி, “அம்ம மரிச்சு, மூணரைக்கு எடுக்கும்” என்று சொன்னாளே! அதற்குக் குனி, “ஓகே சேச்சி, ஓகே” என்றாள். அழவில்லை. பதினோரு வருஷம் ஒரே பாத்திரத்தின் இருபுறமும் உட்கார்ந்து இறால் உரித்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று அம்பிளிக்குக் கோபம்கூட வந்தது.

இப்போதுதான் உறைத்தது. சூப்பர்வைசர் சுத்த மலையாளத்தில் எது சொன்னாலும் ஷெட்டில் குனி மாதிரி ஒடிசாப் பெண்கள் ஓகே சொல்லிவிடுவார்கள். புரிந்தால் ஒரு ஓகே, புரியாவிட்டால் இரண்டு. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

“எடீ, வண்டி வந்தாச்சு” என்று சஜி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். அண்ணன் காலையிலிருந்து உட்காரவே இல்லை. “இனி ஆரு வரணும்?”

“குனி வரணும் சேட்டா.”

“அவகிட்ட சொல்லியாச்சுன்னியே?”

“சொன்னேன். அவளுக்கு மனசிலாகல.”

“எந்தா பறயுறே நீ! இந்த ஸ்லாட் போனா ஸ்மசானத்துல அடுத்தது ஆறு மணிக்குதான். மழை வேற. எவளோ ஒருத்திக்காக அம்மாவ இப்படியே போட்டு வைக்கவா?”

எவளோ ஒருத்தி. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அம்மா இழுத்து இழுத்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “குனி வந்து? குனி வந்து?” மழைக்கால டிராலிங் மீன்பிடித் தடைக்கு ஷெட் மூடியதும் எல்லாப் பெண்களும் ஊருக்குப் போயிருந்தார்கள். “வருவாம்மா” என்று அம்பிளி தலையைத் தடவினாள். ஆனால் போன் செய்யவில்லை. அம்மா எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள். அது மட்டுமா? அந்த ஷெட்டுப் பாஷையில் யார் பேசுவது என்ற சலிப்பும் இருந்தது.

அது தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. இந்தியும் ஒடியாவும் அங்கங்கே தலைகாட்டும். எண்ணுவது மலையாளத்தில், திட்டுவது தமிழில். நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே வினைச்சொல். இரண்டு வருஷத்துக்கு முன் அம்பிளியின் காக்கநாடு ஆபீஸ் தோழிகள் வந்திருந்தபோது அம்மா அதில் சத்தமாக அரட்டை அடித்தாள். அவர்கள் போனதும், “மனுஷங்க பேசற மாதிரி பேசும்மா, மானம் போகுது” என்று அம்பிளி கத்தினாள். அன்றிலிருந்து அம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள்.

அடுக்களைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். அம்மாவின் பழைய குரல் செய்திகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். வீட்டில் வாயே திறக்காத அம்மா அதில் பாடினாள், கேலி பேசினாள், கெட்ட வார்த்தைகூடச் சொன்னாள். ஒன்றில், “அம்பிளி பெரிய ஆபீஸ். இந்தப் பேச்சு அம்பிளிக்கு நாணம். சாரமில்ல, போட்டும். அம்பிளி நல்லது” என்றாள். அம்பிளி நிறுத்தாமல் அடுத்ததைத் தட்டினாள். போன வருஷம் ஷெட்டில் இறந்துபோன ரோஜாவைப் பற்றியது அது.

“குனி, ரோஜா ஸ்வாசம் பந்த். நீ வா. நாம குளிப்பிக்கும்.”

வார்த்தை கிடைத்துவிட்டது. மூன்று முறை பேசி மூன்று முறையும் அழித்தாள். நாலாவது முறை கண்ணை மூடிக்கொண்டாள்.

“குனி, நான் அம்பிளி. காளியக்கா ஸ்வாசம் பந்த். காலை. ஆஸ்பத்திரி. காளியக்கா குனி கேட்டு. ரொம்பக் கேட்டு. நான் போன் நை. நீ வா. ஜல்தி.”

நான் போன் நை. யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். சாக்குச் சொல்ல அந்தப் பாஷையில் இடமே இல்லை.

பதில் வர ஐந்து நிமிஷம் ஆனது. முதலில் வெறும் ரயில் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு, “அம்பிளி, சோறு தின்னு? தின்னு. குனி வருது. அக்கா வெயிட்.”

அம்பிளி வெளியே வந்தபோது நாலு பேர் பெட்டியைத் தூக்கக் குனிந்திருந்தார்கள். ஆபீஸ் தோழி ஸாதனா வாசற்படியில் நின்றாள். அம்பிளி இரண்டு கையையும் கண்ணாடிமேல் வைத்தாள்.

“வெயிட். குனி வருது. அம்மா இப்ப போகாது.”

சஜி அவளையே பார்த்தான். ஸ்மசானத்துக்குப் போன் போட்டு ஆறு மணி ஸ்லாட்டை உறுதிசெய்தான். பிறகு ஆணியிலிருந்து பைக் சாவியை எடுத்தான்.

“ஸ்டேஷன்லேந்து நான் கூட்டிட்டு வரேன். ஆளு எப்படி இருப்பா?”

அம்பிளிக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் குனி இந்த வீட்டுக்கு ஒருநாள்கூட வந்ததில்லை. அம்மாவின் போனில் ஒரு படம் இருந்தது. இறால் குவியலுக்கு இருபுறமும் இரண்டு பெண்கள், நீலத் தொப்பி, மூக்குவரை முகக்கவசம், ரப்பர் கையுறை. அம்பிளி படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு ஜோடிக் கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சொல்லுடீ, இதுல அவ ஏது?” என்றான் சஜி.

“இரு சேட்டா” என்றாள். அதில் அம்மா எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.