நேர்ந்துகொண்ட சம்பங்கி

பெனீக்னாவின் தோட்டத்தில் மாதாவுக்கென்று வைக்காத செடி ஒன்றுகூடக் கிடையாது. வேலியில் ஏறிய நீலப் பூக்கொடியை அந்த மலைப்பக்கத்தில் எல்லோருமே மாதாவின் போர்வை என்றுதான் சொல்வார்கள். வாசல் ஓரம் வெள்ளை ரோஜா. நடுவில் பாத்தி பாத்தியாக நிலச்சம்பங்கி. துணி அலசின தண்ணீரை அதற்கு ஊற்றவே மாட்டாள். குழாய் வறண்டுபோனால் ஓடைக்குப் போய் வாளியில் சுமந்துகொண்டு வருவாள்.

எல்லாம் கணவன் பிதென்சியோ கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. "அவர எழுப்பி விடு தாயே. என் தோட்டத்துப் பூ உன் காலடியத் தவிர வேற எங்கயும் போகாது" என்று அழுதாள். அவன் எழுந்துவிட்டான். அவளும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மாமியார் செத்தபோதுகூட, பெட்டிமேல் வைக்கச் சந்தையில்தான் பூ வாங்கினாள்.

பிள்ளை இல்லாத அவளுக்கு, ஞானஸ்நானத்தில் தான் கையில் ஏந்திய ஞானமகள் அரசேலிதான் எல்லாம். எதிர்வீட்டு ஹெர்மினியாவின் பெண். மே மாதம் முழுக்க, சாயங்காலமானால் சின்னப் பெண்கள் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் மாதாவுக்குப் பூ வைப்பார்கள். அரசேலி நடக்கப் பழகினதிலிருந்து வைத்ததெல்லாம் இந்தத் தோட்டத்துப் பூதான்.

அந்த அரசேலிக்கு இப்போது, இதே மே மாதத்தில், கல்யாணம். அவசரக் கல்யாணம். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை எவெரார்தோ ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவன், தங்கமான பையன். கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் வடக்கே எல்லைப்பக்கம் பிழைக்கப் போகிறார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அரசேலி வேலியோரம் வந்து நின்றாள்.

"என்ன ஞானம்மா, பாத்திக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கிற? மாதா வேருல இருந்து எட்டிப் பாக்குறாளா?"

"வாடி வாயாடி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டாச்சு, வாந்தியும் எடுத்தாச்சு."

அவள் சிரித்தாள். பெனீக்னா சிரிக்கவில்லை.

"ஞானம்மா, கல்யாணத்தன்னிக்குக் கையில புடிக்க ஒரு கொத்து சம்பங்கி குடு. வேற எதுவும் வேணாம் எனக்கு."

"அது நேர்ந்துக்கிட்ட பூ. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். என் கையில கொஞ்ச நேரம் இருந்தா என்ன? சின்னதுல நான் தூக்கிட்டுப் போகலையா?"

"அப்ப நீ சின்னப் புள்ள." பெனீக்னாவின் பார்வை தானாகவே கீழே இறங்கியது. "இப்ப இந்த வயித்தோட எப்படிடி குடுக்கிறது? அது கன்னி மாதாவோட பூ."

அரசேலியின் கை வேலியை விட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பிதென்சியோ வெளியே வந்தான். "ஏன்டி, மாதா என்ன தண்டு தண்டா எண்ணியா வாங்குறா?"

"உனக்காகத்தான நேர்ந்தேன்."

"அப்ப என்னைய விழுந்த இடத்துலயே விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கல்யாணத்தன்று கோயிலில் முன்வரிசை ஞானத்தாய்க்குத்தான். பெனீக்னா உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பீடத்தில் மாதா சுரூபம், அதன் காலடியில் அவள் காலையில் கொண்டுவந்து வைத்த சம்பங்கிச் சாடிகள். கோயில் முழுக்க அந்த வாசம்தான். அரசேலியின் கையில் இருந்ததோ ஓடைக்கரையில் பறித்த வெள்ளைக் காட்டுப்பூ. ரிப்பன் சுற்றியிருந்தது. பூசை முடியுமுன்னே பாதி தலை தொங்கிவிட்டது.

பூசை முடிந்தது. அரசேலி திரும்பி மாதா பீடத்துக்கு நடந்தாள். முழந்தாளிட்டாள். கையிலிருந்த கொத்தை மாதாவின் காலடியில் வைத்தாள். இந்த ஊரில் கல்யாணப் பெண் எல்லோரும் செய்கிறதுதான். பெனீக்னாவும் தன் கல்யாணத்தில் செய்தவள்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொடுத்திருந்தால் அந்தப் பூவும் இங்கேதான் வந்திருக்கும். இதே காலடிக்கு. நேர்த்திக்கடனில் ஒரு பொட்டுக் குறையும் வந்திருக்காது. அந்தப் பிள்ளை இதை நினைத்துத்தான் கேட்டிருக்கிறாள். தான் மறுத்தது மாதாவுக்காக இல்லை, வயிற்றைப் பார்த்துத்தான் என்பது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது.

எல்லோரும் விருந்துக்குப் போக, அவள் வீட்டுக்கு ஓடினாள். கத்தியை எடுத்து மொட்டு, பூ என்று பார்க்காமல் பாத்தி பாத்தியாக அறுத்தாள். நேர்ந்ததை மீறுகிறோம் என்று தெரிந்துதான் அறுத்தாள். பிதென்சியோ வெளியே வந்தான். இரண்டு கையையும் நீட்டி அறுத்ததை வாங்கிக்கொண்டான்.

ஹெர்மினியாவின் முற்றத்தில் பாட்டும் கூத்துமாக இருந்தது. பெரிய பானையில் வான்கோழிக் குழம்பு. அத்தனை பூவையும் பார்த்து ஹெர்மினியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்ப எதுக்குக்கா இது? அதான் கோயில்ல வச்சாச்சே."

சோடா பாட்டில்கள் மிதந்த வாளி ஒன்றில் பூவைச் சொருகிவிட்டு, "உக்காருங்க, சாப்பிடுங்க" என்று போய்விட்டாள்.

தட்டைக் கொண்டுவந்தது அரசேலிதான். கல்யாண உடுப்பிலேயே பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுங்க, பெனீக்னா அம்மா."

"ஞானம்மான்னு கூப்பிடேன்டி."

அரசேலி சோள ரொட்டியை எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

"பூ கொண்டாந்திருக்கேன். உனக்குத்தான், எல்லாமே."

"பாத்தேன். நல்லா இருக்கு."

"அன்னிக்கு நான் பேசினது தப்புடி. புத்தியில்லாம பேசிட்டேன்."

"பரவால்லைங்க."

"புள்ள பொறந்தா சொல்லி அனுப்பு. ஞானஸ்நானத்துக்கு எவ்வளவு தூரமா இருந்தாலும் பஸ் ஏறி வந்துடுவேன். நானே கையில ஏந்திக்..."

"அவரோட சித்தி அங்கதான் இருக்காங்க. ஞானத்தாயா நிக்க அவங்களத்தான் கேட்டிருக்கோம்." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பெனீக்னா கெஞ்சியாவது பார்த்திருப்பாள். "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

"ஊத்து."

ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். தட்டு காலியானால் அரசேலி திரும்ப வருவாள் என்று பெனீக்னா வேகவேகமாகச் சாப்பிட்டாள். காரம் கண்ணில் ஏறியது. தட்டைத் துடைத்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கரண்டியோடு வந்தது மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி. பெனீக்னா யாரென்றே அவளுக்குத் தெரியாது.