நாலு மணிக்குள் நெட் வந்தாக வேண்டிய கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையிலிருந்த ஒரு பெண் கேட்ட கேள்வியில் கிடைத்தது. இதை எங்கே தொடங்குவது என்றுதான் மூன்று நாளாக முழிக்கிறேன்.

'மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், அக்காவின் கண்களில் கடலளவு ஏக்கம்—'

(பொய். அக்காவின் கண்கள் ரவுட்டரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தன.)

2

நடந்தது இதுதான். அக்காவுக்குப் பெண் பிறந்து பதினோரு நாள். அத்தான் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். மகளை இன்னும் பார்க்கவில்லை. அன்று கப்பல் ஒரு துறைமுகத்தைத் தொடும், நாலு மணிக்கு அரைமணி நேரம் வீடியோவில் வருவார். அப்புறம் மூன்று வாரம் நடுக்கடல்.

மணி மூன்றேகால். நெட் வருகிறது, போகிறது. கைபேசி சிக்னல் எங்கள் வீட்டுக்குள் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது.*

ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டேன். வந்தது. போனது.

"நீ கதை எழுதத்தான்டா லாயக்கு," என்றாள் அக்கா.

* வெளியே போயிருக்கலாமே என்பீர்கள். பச்சைக் குழந்தை, கொட்டுகிற மழை. அக்காவிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

3

முதல் வரைவில் சேவைப் பெண்ணைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லி வேண்டுமே. அதை அடித்துவிட்டேன், அவர் அப்படியில்லை. சேவை எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ரவுட்டர்ல எத்தனை லைட் எரியுது சார்?"

"நாலு. எல்லாமே பச்சை."

"அப்ப லைன்ல கோளாறு இல்ல. வீட்டுக்குள்ளதான் ஏதோ தடுக்குது. நெட் போற நேரத்துல வீட்டுல என்ன நடக்குது?"

அக்கா முந்திக்கொண்டாள். "பாப்பா அழுவா."

"பாப்பா அழுதா நெட் போகாது மேடம்."

"போகுதே!" என்றார் அக்காவின் மாமியார். அவரை நான் அத்தை என்பேன். "அவ அழுதா நான் பால் புட்டியை ஆவியில வைக்க ஓடுவேன். திரும்பி வந்தா, நெட் இல்லன்னு நீங்க ரெண்டு பேரும் கத்திட்டிருப்பீங்க."

மறுமுனையில் அந்தப் பெண் உஷாரானார்.

"ஆவின்னா… மைக்ரோவேவ்லயா? அது எங்க இருக்கு?"

மூவரும் திரும்பினோம். அன்று காலை அத்தை ஆசையாக வாங்கிவந்த மைக்ரோவேவ், ரவுட்டரை உரசியபடி ஒரே அலமாரியில் உட்கார்ந்திருந்தது.

"ஒரு தடவை ஓட விடுங்க."

விட்டோம். நெட் செத்தது. 'டிங்.' பிழைத்தது. இன்னொரு முறை. செத்தது, 'டிங்', பிழைத்தது. மூன்றாவது முறை வெறும் குஷிக்காக.

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசை சார். தள்ளி வைங்க, பேசி முடிக்கிற வரைக்கும் போடாதீங்க," என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

4

(இந்த இடத்தில் அத்தையும் சிரித்ததாக எழுதினேன். அவர் சிரிக்கவில்லை.)

"என் புள்ள அவன் குழந்தையைப் பாக்கறதை நானே கெடுக்க இருந்தேனே," என்றார், அலமாரியைப் பிடித்துக்கொண்டு.

அக்கா குழந்தையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். "பதினோரு நாளா நான் தூங்கினதே உங்களாலதான். நீங்கதான் இவளை அவருக்குக் காட்டணும்."

மைக்ரோவேவை நான் குளியலறை வாசல்வரை சுமந்தேன். மணி மூன்று ஐம்பத்தெட்டு.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குழந்தை அரைமணியும் தூங்குகிறது. ஒன்றில் மின்சாரம் போகிறது (என்னை மன்னியுங்கள்). ஒன்றில் அத்தான்—

வேண்டாம். நாலு மணிக்கு அவர் முகம் வந்தது, ஒரு நொடிகூடத் திக்காமல். அத்தை குழந்தையை உயர்த்திப் பிடித்தார். அத்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். படம் உறைந்துவிட்டதென்று பயந்தே போனேன். பிறகு மகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நாங்கள் மூவரும் கேட்டோம்.

"அதை மட்டும் எழுதிடாதடா, அது அவளுக்குச் சொன்னது," என்று அக்கா சத்தியம் வாங்கிவிட்டாள்.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன். பிறந்த அன்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதை இதில் எழுதிக்கொள்ளுங்கள். பொருந்தும்.

"……………………………………"