காயலில் கிடந்த நாற்பது பக்கம்

தண்ணீர்மேல் உட்கார்ந்து லேப்டாப்பில் எதைத் தட்டினாலும், அது தட்டிய இடத்திலேயே நின்றுவிடும். படகு நகர்ந்தால் லேப்டாப் மட்டும்தான் கூட வரும். எழுதியதை மறுபடி படிக்க வேண்டுமென்றால் அதே இடத்துக்குப் படகைத் தள்ளிக்கொண்டு போய்த் திறந்து பார்க்க வேண்டும். கரையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் லேப்டாப் விஷயத்தில் அவர்களிடம் அவ்வளவு அறிவுரை இருக்கிறது.

ஜெசிந்தா குடியிருந்தது காயலில், கணவர் அமல்தாஸின் அலுவலகம் ஒதுக்கிய படகு வீட்டில். இருபத்திரண்டு வருஷம் சோறு வடித்துக் கொட்டிய பிறகு, ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை அவளுக்குக் கிடைக்கும் போலிருந்தது. நாற்பது பக்கப் பாடத்திட்டத்தை ஒரே கோப்பாக, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வேலை வேறொருத்திக்கு. நாற்பது பக்கத்தையும் அவள் எழுதி முடித்துவிட்டாள். நங்கூரம் போட்ட படகும் காற்றுக்குத் திரும்பும், காய்கறி வாங்க நகரும் என்பதால், அவை காயலில் நாற்பது இடத்தில் கிடந்தன. கொழுந்தன் ரெக்ஸ் வீடு கரையில்தான் இருக்கிறது, அங்கே போய் எழுதியிருக்கலாம். ஆனால் ரெக்ஸ் வீட்டில் ரெக்ஸ் இருப்பான்.

அந்த ரெக்ஸைக் கேட்டுத்தான் அமல்தாஸ் முதல் லேப்டாப்பை வாங்கி வந்தார்.

"ஸ்பீடு சும்மா பறக்கும், அண்ணி" என்றான் ரெக்ஸ் போனில்.

"பறக்கட்டும். பக்கம் கூட வருமா?"

"அதெல்லாம் நாமதான் பாத்து வச்சுக்கணும், அண்ணி."

பக்கம் வரவில்லை. இரண்டாவதாக வந்ததை அமல்தாஸ் தானே தேர்ந்தெடுத்தார். அந்தப் பெருமை முகத்தில் வழிந்தது.

"தண்ணில போட்டாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது, ஜெசி."

"லேப்டாப்ப யாரு போடப்போறா? தண்ணில போட வேண்டியது வேற ஆளுல்லா."

புதன்கிழமை காலை அவளே கடைப்படகுக்குப் போனாள். கடைக்காரர் இஸ்ரவேல் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலியா, மேடம்?"

"சார் வந்து ரெண்டு தடவ வாங்கியாச்சு. அதான் நான் வந்தேன்."

இஸ்ரவேல் ஒன்றைத் திறந்து, திரையில் தெரியும் நிறங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஜெசிந்தா அதை வாங்கி, 'அவர் காலையிலிருந்து பொய் சொல்லிக்கொண்டே இருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டினாள். "துடுப்பப் போடுங்க" என்றாள். பத்து பாகம், அதாவது அறுபதடி தூரம் போய்ப் பார்த்தால் திரை காலி. திரும்பி வந்து அடுத்ததில் தட்டினாள். ஐந்து லேப்டாப் ஆயிற்று. ஒரே இடத்தில் அந்த வரி ஐந்து தடவை அடுக்கிக் கிடந்தது. இஸ்ரவேலுக்கு மூச்சு வாங்கியது.

மூலையில், கெட்டிலுக்கு அடியில், கறுப்பாகத் தடியாக ஒன்று இருந்தது.

"அது வேண்டாம், மேடம். பிடிவாதம் ஜாஸ்தி. எழுதினத விடாது. எழுதின இடத்தையும் சேத்து எடுத்துட்டு வந்துரும்."

"வீட்டுல ஒருத்தராவது அப்படி இருக்கட்டும். எடுங்க."

அவள் தட்டினாள். துடுப்பு கனத்தது. பத்து பாகம் தாண்டியும் வரி திரையிலேயே இருந்தது. பின்னால், வரியை எழுதிய இடத்தில், சாப்பாட்டு மேசை அளவுக்குச் சதுரமாக ஒரு பள்ளம். அடியில் சேறும் ஒற்றைச் செருப்பும் தெரிந்தன. சுற்றியிருந்த தண்ணீர் உள்ளே சரியாமல் சமர்த்தாக நின்றது.

"வாரண்டி ஒரு வருஷம்" என்றார் இஸ்ரவேல். "பள்ளத்துக்குக் கிடையாது."

வியாழன் முழுக்க அமல்தாஸ் துடுப்புப் போட, ஜெசிந்தா ஒவ்வோர் இடத்திலும் லேப்டாப்பைத் திறந்து பக்கங்களைப் பொறுக்கினாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் காயலில் ஒரு பள்ளம் விழுந்தது, படகு ஒரு விரற்கடை தாழ்ந்தது. பதின்மூன்றாம் பக்கத்தைத் தாண்டியதும் கேட்காத ஒன்று திரையில் வந்தது. அமல்தாஸ் எப்போதோ அந்த இடத்தில் தம்பி ரெக்ஸுக்கு எழுதிய கடிதம். ஜெசியின் கோபம் வரவர அதிகமாகிறது, எப்படிச் சமாளிப்பதென்று தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. அமல்தாஸ் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். லேப்டாப் அதையும் விடவில்லை. ஜெசிந்தா எண்ணிப் பார்த்தாள், ஒன்பது எழுத்துப் பிழை. 'பிழை திருத்தும் பயிற்சி' என்று தலைப்புக் கொடுத்துப் பதின்மூன்றாம் பக்கத்தின் கடைசியில் சேர்த்தாள்.

இருபதாம் பக்கத்தின்மேல் அடுத்த படகு பிலோமி அக்கா நங்கூரம் போட்டிருந்தாள். செயப்பாட்டு வினைப் பாடம். ஒரு வாரமாக அது அவள் லேப்டாப்பில் திறந்துகொண்டே இருந்ததாம்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க."

"படகு என்னால் நகர்த்தப்படாது" என்றாள் பிலோமி. "பாய் இப்பதான் விரிக்கப்பட்டது."

"நாளைக்கு வேல போயிரும்க்கா."

"மீன் உன்னால் வாங்கித் தரப்படுமா?"

தரப்படும் என்றாள் ஜெசிந்தா. படகு நகர்த்தப்பட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்பதாவது பக்கமும் ஏறியபோது விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கைக்குட்டை மடிப்புதான் மிச்சம். குக்கரையும் இரண்டு நாற்காலிகளையும் பிலோமியின் படகுக்கு மாற்றினார்கள். அப்படியும் பத்தாததால் அமல்தாஸை நாற்பதாம் பக்கம் விட்டுப்போன பள்ளத்தில் இறக்கி நிற்க வைத்தாள். அவர் கழுத்தை நீட்டி, "எவ்வளவு நேரம், ஜெசி?" என்றார். "செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கோங்க" என்றாள் அவள். மூன்று ஐம்பதுக்குப் பாடத்திட்டம் போய்ச் சேர்ந்தது. படகு ஒரு முழம் எழும்பியது.

சனிக்கிழமை காலை தலைமை ஆசிரியை சிஸ்டர் பெர்னதெத் போனில் கூப்பிட்டார்.

"மிஸஸ் அமல்தாஸ், உங்க பாடத்திட்டம் வந்து சேந்துச்சு. ஆபீஸ்ல முழங்கால் வரைக்கும் நிக்குது."

"சரி, சிஸ்டர்."

"மத்தவங்க எல்லாம் ரெண்டு பக்கம் காப்பியடிச்சு அனுப்பியிருக்காங்க. காஞ்ச பக்கம்." சிஸ்டர் எதையோ பிழிகிற சத்தம் கேட்டது. "முப்பத்தோராம் பக்கத்துல ஒரு மடவை மீன் இருக்கு. அது சிலபஸ்ல உண்டா?"

ஜெசிந்தா போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"ரெண்டாம் பருவத்துக்கு, சிஸ்டர்."

"எந்த வகுப்பு?"

"ஏழு."

"ஏழாம் வகுப்பு பி பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. திங்கக்கிழம எட்டரைக்கு வேலைல சேந்துருங்க. வரும்போது அந்த மீனோட பிறப்புச் சான்றிதழக் கொண்டு வந்துருங்க. இல்லாட்டி ரிஜிஸ்டர்ல ஏத்த மாட்டாங்க."

ஜெசிந்தா போனை வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்தை எடுத்தாள். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அமல்தாஸ் என்று தட்டிவிட்டு, கையெழுத்துப் போட அவரைக் கூப்பிட்டாள்.