வெட்டிய பிறகு வந்த அறிக்கை

ஆய்வகத்தில் அவளுக்கு 'ரெண்டுதடவை' என்று பேர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அப்படிச் செய்யாமல் விட்டாள். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்த நாள் அது.

அன்று சோதனைக்கு வந்திருந்தது ஒரு நர்சரிக்காரரின் மா இலை. அவர் ஒட்டுக்கன்று எடுக்கிற தாய்மரத்தின் இலை. இரண்டு ரகங்கள் உண்டு. இலையும் காயும் ஒரே அச்சு. டி.என்.ஏ.வில் பன்னிரண்டு இடங்களை ஒப்பிட்டால்தான் எது எதுவென்று பிடிபடும். ஒப்பிட்டாள். 'கேட்ட ரகம் இல்லை' என்று அறிக்கை போனது.

எட்டு மாதம் கழித்து ஃப்ரீசரை ஒழித்தபோது அன்றைய குழாய்கள் இரண்டு கையில் அகப்பட்டன. ஒன்றின் மூடியில் 14, உடம்பில் 41. மற்றதில் நேர்மாறாக. 14 நர்சரிக்காரரின் இலை. நர்சரிக்காரர் தம் கையால் பேரெழுதித் தந்த உறையில் காய்ந்த இலை கொஞ்சம் மிச்சமிருந்தது. அதிலிருந்து புதிதாக எடுத்துச் சோதித்தாள். பன்னிரண்டு இடமும் அசல் ரகத்தோடு பொருந்தின.

"திருத்தின அறிக்கையைத் தபால்ல அனுப்பிடும்மா. நேர்ல போய் ஏன் வாங்கிக் கட்டிக்கணும்?" என்றார் ஆய்வகத் தலைவர்.

அவள் நேரில்தான் போனாள்.

நர்சரிக்காரர் நின்றபடியே படித்தார். "அப்போ அது அசல்தானா?"

"ஆமாங்க. தப்பு என்னோடது. நம்பர் மாத்தி எழுதிட்டேன்."

வேலியோரம் முழங்கால் உயரத்துக்கு ஓர் அடிக்கட்டை நின்றது. அவர் அதைக் காட்டினார். "அறிக்கை வந்த அன்னிக்கே வெட்டிட்டேன். அந்த மரத்துக்கு ஒட்டுக் கட்டக் கொம்பு குடுத்தது எங்க அண்ணன். உங்க காகிதத்தை வச்சுக்கிட்டு, அவரோட மருமகன் முன்னாடியே ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அவர்கிட்ட நானே சொல்றேங்க. நம்பர் குடுங்க," என்றாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். அண்ணன் முழுசாகக் கேட்டுக்கொண்டார். "சொன்னது நல்லதும்மா. ஆனா அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

நர்சரிக்காரர் போனை நோக்கிக் குனிந்தார்.

"கொம்பு வேணும்னா ஆளை அனுப்பச் சொல்லுங்க. அவன் வரவேணாம்," என்று அண்ணன் வைத்துவிட்டார்.

நர்சரிக்காரர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். திட்டவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்டார். மகளின் காய்ச்சலைச் சொன்னாள்.

"காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"மறுநாளே விட்டுடுச்சுங்க." சொல்லும்போதே அவளுக்குக் கூசியது.

அண்ணன் தந்த கொம்பில் ஒட்டிய புதுக் கன்றுகள் துளிர்த்ததும் சோதனைக்கு இலை எடுக்க அவளே வந்தாள். கொம்பு வாங்கிவந்த வேலையாள், நர்சரிக்காரர் அந்தப் பக்கம் போனதும், தாழ்ந்த குரலில் சொன்னார்: "கொம்பு வாங்கப் போன அன்னிக்கு வண்டி ஓட்டினது முதலாளிதாங்க. தெருமுனையிலேயே உக்காந்துட்டார். அண்ணன்காரர் வாசல்ல நின்னு வண்டியைப் பார்த்தார். கொம்புகளை என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டார்."

நர்சரிக்காரர் இலைகளோடு திரும்பி வந்தார். "காய்க்க நாலஞ்சு வருஷமாகும்," என்றார். அவள் தலையாட்டிவிட்டு உறையை நீட்டினாள். அவர் இலைகளை உள்ளே போட்டு, மேலே தம் கையால் பேரெழுதினார்.