மாப்பிள்ளை பார்க்கக் கூடாத பாஸ்வேர்ட்

முப்பத்தோரு வருஷம் கிடங்குச் சாவிக்கொத்து என் இடுப்பில் தொங்கியது. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நான் நகர்ந்ததே இல்லை. "அதுக்கே வலிக்கப்போகுது, விடுங்க" என்பாள் என் மனைவி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றேனே தவிர, அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை. அதனால் வீட்டுக்கு வைஃபை வந்தபோது, அதற்குப் பூட்டுப் போடுவது நான்தான் என்று அடம்பிடித்தேன்.

வைஃபை வாங்கியது மகளுக்காக. அடுத்த மாதம் அவளும் மாப்பிள்ளையும் வேறு ஊருக்குக் குடிபோகிறார்கள். ரயிலில் பதினான்கு மணி நேரம். மாப்பிள்ளை அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பவர். அங்கே நல்ல வேலை கிடைத்திருக்கிறது. இனி மகள் முகத்தைத் திரையில் பார்த்தால்தான் உண்டு.

மாப்பிள்ளை விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். மகள் அவரை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அவர் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே நான் கத்தினேன்: "கம்பி இழுக்கிறவனுக்கா என் பொண்ணு?" அது அவர் காதில் விழுந்தது. விழுந்தது என்று எனக்கும் தெரியும். பிறகு கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. எனக்கு வாய்தான் பெரிசு, மகள் கண் கலங்கினால் நான் காலி. ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் மாப்பிள்ளை எங்கள் வீட்டு நாற்காலியில் ஒரு நாள்கூடச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்காருவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். "கொஞ்சம் படுத்துட்டுப் போங்களேன்" என்றால் "வேலை இருக்கு மாமா" என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன வேலை?

நான் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் அவ்வளவுதான். மகள் திரையில் பேசுவாள், அவர் ஓரமாக வந்து வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். இதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

இதில் பாஸ்வேர்ட் வேறு. வைஃபை பெட்டியை மாட்ட வந்த கடைக்காரர், "எட்டு எழுத்துக்கு மேல, யாரும் யூகிக்க முடியாததா ஒண்ணு வைங்க சார்" என்றார். அந்த நேரம் பார்த்து என் நாக்கு நுனியில் இருந்தது ஒரே சொல். மாப்பிள்ளை ஆறடி மூன்று அங்குலம். அகலத்தில் மட்டும் கடவுள் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார். அவர் முதல் தடவை வந்து போன அன்றே நானும் மனைவியும் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. கோபத்தில் வைத்ததுதான். நாளாக ஆகக் கோபம் வடிந்து அதில் செல்லம் ஏறிவிட்டது. "ஒட்டடைக்குச்சி ரொம்ப இளைச்சுப்போச்சுங்க, பாவம்" என்று மனைவி இப்போது வருத்தப்படுகிறாள். அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, கடைசியில் ஒரு ஒன்றைப் போட்டேன். மனைவியின் போனில்கூட முதுகைத் திருப்பிக்கொண்டு நானே அடித்துக் கொடுத்தேன். என்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் பின் அறையில் வீடியோ கால் போட்டால் படம் சரியாக வரவில்லை. மகள் பாதி வார்த்தையில் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாள். "அவரைக் கூட்டிட்டு வரேன்பா" என்றாள். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளை கூடத்தைச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"பெட்டி எங்க மாமா?"

"பீரோவுக்குள்ள."

"உள்ளயா?"

"பூட்டி வெச்சிருக்கேன். வயருக்கு மட்டும் பின்னாடி ஓட்டை போட்டாச்சு. யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளை உதட்டைக்கூட அசைக்கவில்லை. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. "இரும்பு பீரோ மாமா, சிக்னல் சரியா வெளியே வராது" என்று மெதுவாகச் சொன்னார். பெட்டியை வெளியே எடுத்து, கூடத்தின் நடுச்சுவரில் இருந்த உயரமான பலகையில் ஸ்டூல் இல்லாமலே வைத்தார். மறு நிமிஷம் பின் அறையிலிருந்து மனைவி, "முழுசா வருதுங்க!" என்று கூவினாள்.

"முடிஞ்சுதா? வாங்க, சாப்பிடலாம்" என்று நான் அவசரப்படுத்தினேன்.

"இன்னும் இருக்கு மாமா. பாதுகாப்பு எப்படின்னு பாத்துடறேன். பாஸ்வேர்ட் சொல்லுங்க."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. "அதை நான் யார்கிட்டயும் சொல்றதில்லை மாப்பிள்ளை."

"அதுதான் சரி. நீங்களே அடிங்க." லேப்டாப்பை என் பக்கம் திருப்பிவிட்டு, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். திரையில் புள்ளிகள்தான் தெரிந்தன. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அடுத்து அவர் ஏதோ எண்களை அடித்தார். ஒரு பக்கம் வந்து வேறொரு பாஸ்வேர்ட் கேட்டது. அவர் என்னைக் கேட்கவில்லை. எழுந்து பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து எதையோ தட்டினார். பளிச்சென்று திறந்துகொண்டது.

"எப்படித் திறந்தீங்க?"

"பெட்டிக்கு அடியிலேயே அச்சடிச்சிருக்கு மாமா. இந்த மாடல் எல்லாத்துக்கும் இதே சொல்தான். வாங்கின அன்னிக்கே மாத்தியிருக்கணும். நீங்க வெச்ச பாஸ்வேர்ட் வாசல் சாவி. இது சாவிப்பெட்டியோட சாவி."

என் கிடங்கில் ஒரு காவலாளி இப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். "சரி, மாத்துங்க" என்றேன். அதையும் என்னையே அடிக்கச் சொன்னார். பெட்டிக்குள் இருக்கிற மென்பொருளைப் புதுப்பித்தார். பட்டனை அமுக்கினால் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வசதி இருந்ததாம், அதை அணைத்தார். எல்லாவற்றையும் எனக்கு விளக்கிக்கொண்டே செய்தார். இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு பேசியது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் அசந்துவிட்டேன்.

"இதுதான் நம்ம வைஃபை பாஸ்வேர்ட் இருக்கிற பக்கம்" என்றார். வரிசையாகப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம். அது தொட்டால் வேலை செய்கிற திரை. எதைக் கண்டாலும் இழுத்துப் பார்த்தே பழகிய கை சும்மா இருக்குமா?

"இது என்ன, கண்ணு மாதிரி?" என்று விரலை வைத்துவிட்டேன்.

"மாமா, அது தொட்டா—"

புள்ளிகள் எல்லாம் எழுத்துகளாக மாறின.

மாப்பிள்ளை படித்தார். அவர் உதடு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவதை நான் பார்த்தேன். மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பிறருக்குப் பெயர் வைக்கிற லட்சணம் அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மனைவி மட்டும் சட்டென்று முன்னால் வந்தாள். "வீட்டுல ஒட்டடை ரொம்ப சேருதுங்க மாப்பிள்ளை. ஒரு குச்சி வாங்கணும், வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. மறந்துடக் கூடாதுன்னு..."

நல்ல பொய். அதைப் பிடித்துக்கொண்டு நான் கரையேறியிருக்கலாம். மாப்பிள்ளையும் "அப்படியா அத்தை" என்று தலையாட்டியிருப்பார். சாப்பிட்டுவிட்டு நாற்காலி நுனியிலிருந்து எழுந்து போயிருப்பார்.

"அது குச்சி இல்லை மாப்பிள்ளை" என்றேன். "நீங்கதான்."

அவர் என்னைப் பார்த்தார். நிறுத்தினால் அப்புறம் வராது என்று எனக்குத் தெரிந்தது. "முதல்ல கோபத்துல வெச்சேன். இப்ப கோபம் இல்லை. உங்களைச் சொல்லாம இந்த வீட்டுல ஒரு நாள் போறதில்லை. அன்னிக்கு நீங்க வாசல்ல நிக்கும்போது நான் கத்தினதுதான் தப்பு. கம்பி இழுக்கிறவன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுடுங்க."

மாப்பிள்ளை லேப்டாப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அன்னிக்கு செருப்பை மறுபடி மாட்டிட்டேன் மாமா" என்றார். "ஒரு காலுக்கு மாட்டியாச்சு. இவதான் கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டு வந்தா." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "சொல்லிடவா?"

"ஐயோ, வேணாம்! சும்மா இருங்க!" என்று மகள் அலறினாள்.

"எங்க வீட்டு வைஃபைக்கு என்ன பேரு தெரியுமா மாமா? பெரிய பூட்டு."

"யாரு, நானா?"

"உங்க பொண்ணு வெச்சது. நீங்களாவது பாஸ்வேர்டுல ஒளிச்சு வெச்சீங்க. எங்களோடது பேரு மாமா. யாரு போனை எடுத்து வைஃபை தேடினாலும் வரும். அடுக்குமாடி முழுக்க உங்களைத் தெரியும்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, அந்த உயரம் மொத்தமும் ஆட ஆடச் சிரித்தார். அவர் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பழக்கமில்லாததால் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"இந்தச் சொல்லை மாத்தணும் மாமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலஞ்சு வார்த்தையைச் சேர்த்து நீளமா வைக்கலாம். நீங்களே அடிங்க, நான் திரும்பிக்கறேன்."

"நீங்க வைங்க" என்றேன். "எனக்கும் சொல்லுங்க. உங்களுக்கும் தெரிஞ்சு இருக்கட்டும்." முப்பத்தோரு வருஷத்தில் நான் யார் கையிலும் மாற்றுச்சாவி கொடுத்தவனில்லை. மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

மத்தியானம் மாப்பிள்ளை கேட்காமலே பின் அறைக் கட்டிலில் போய்ப் படுத்தார். நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே எல்லாம் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டூலை எடுத்துப்போய், மேலே தலையணை வைத்து, சத்தம் வராமல் அவர் காலடியில் நகர்த்தினேன்.

"என்னங்க பண்றீங்க?" என்று மனைவி வாசற்படியிலிருந்து கிசுகிசுத்தாள்.

"கால் தொங்குதுடி."

மாப்பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. காலை மட்டும் தூக்கித் தலையணை மேல் வைத்துக்கொண்டார். "இந்தக் கட்டில் பத்தாது மாமா" என்றார் தூக்கக் கலக்கத்தில்.

"பெரிசா வாங்கிப் போடறேன். நீங்க வர்றதா இருந்தா."

"வராம?" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.