பிரபா: பரிசோதனை முடிவு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. கேளம்பாக்கத்தில் என் எதிர்வீட்டு ரோகிணி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னது. சென்னையில் ஓர் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் வெட்டும் நொதிகள்தான் அவளுடைய கைக்கருவி. "கத்தரிக்கோல் மாதிரி. எந்த இடத்துல வெட்டணும்னு அதுக்கே தெரியும்" என்பாள். வேடிக்கையாக ஏதாவது எழுதலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அவள் செங்கம்மாள் என்ற ஒரு தாயைப் பற்றியும் சொல்லிவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: "2004 டிசம்பர். ஞாயிற்றுக்கிழமை. கடல் அன்று காலை..."

(வேண்டாம். சுனாமியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.)

இரண்டாவது: ஷேர் ஆட்டோ ஓட்டும் கோதண்டராமன், மகள் பிரபாவை மாமல்லபுரம் கடற்கரையில் பஜ்ஜிக் கடை வைத்திருந்த தன் தங்கையிடம் விட்டான். "அத்தைகூட இரு. ஒரு சவாரி அடிச்சிட்டு வந்துர்றேன்." அவன் திரும்பியபோது கடை இல்லை. தங்கையின் உடல் மறுநாள் கிடைத்தது. எட்டு வயதுப் பிரபா கிடைக்கவில்லை.

இதுவே இருக்கட்டும்.

3

தெற்கே ஒரு கிராமத்தில் கரையொதுங்கிய சிறுமியின் உடலை, முகம் தெரியாததால், அவசரமாகப் புதைத்திருந்தார்கள். அதற்குமுன் துளி சதை எடுத்து வைத்திருந்தார்கள். கேள்விப்பட்டு, பிரபாவின் அம்மா செங்கம்மாள் ஓடிப்போய், ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் கொடுத்தாள். இரண்டும் ரோகிணியின் மேசைக்கு வந்தன.

(கொஞ்சம் விஞ்ஞானம். பொறுத்துக்கொள்ளுங்கள். உயிர் இருக்கும்வரை உடம்பு தன் நொதிகளை அடக்கி வைத்திருக்கிறது. போனபின் அவை டி.என்.ஏ.வைக் கண்டபடி வெட்டித் தள்ளும். ஈரமும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் வேகம்.)

ரோகிணி திரும்பத் திரும்பச் சோதித்தாள். ஒன்றும் தேறவில்லை.

4

ரோகிணியை முதலில் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். அடித்துவிட்டேன். செங்கம்மாள் நேரில் வந்து நின்றபோது ரோகிணிதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாளாம்.

"எம் பொண்ணா, இல்லியா? அத மட்டும் சொல்லும்மா."

"தெரியலைம்மா. அந்தச் சதையில படிக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. எல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சு."

"யாரு வெட்னாங்க?"

"யாருமில்ல. ஒடம்புக்குள்ளயே இருக்கறதுதான்."

செங்கம்மாள் மெல்லக் கேட்டாள்: "ஆமான்னு சொல்லிடேன். பொய்யின்னாலும் பரவால்ல. எங்க வூட்டுக்காரு இன்னும் ஒரு சொட்டு அழல. நீ சொன்னா நம்புவாரு."

"வேற ஒருத்தி அந்தக் கொழந்தையத் தேடிட்டிருந்தா என்னம்மா பண்றது?"

செங்கம்மாள் எழுந்து போனாள்.

(சோதனைக்கும் கதைக்கும் 'முடிவு' என்று ஒரே சொல்தான். இதை எழுதும்போதுதான் உறைத்தது.)

5

செங்கம்மாள் அந்தப் புதைகுழியைத் தன் மகளுடையதாக எடுத்துக்கொண்டாள். பஸ் பிடித்துப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்தாள். கோதண்டராமனோ மகளைத் தேடிக் கடலூர், நாகப்பட்டினம் என்று குழந்தைகள் விடுதிகளில் ஏறி இறங்கினான். "காரியம் பண்ணா, நாமளே அவள கொன்ன மாரி" என்றான். ஒரே வீட்டில் அவள் சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான். அதோடு சரி.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) கடலூர் விடுதியில் ஒரு சிறுமி அவனைப் பார்த்ததும் ஓடிவந்து...

ஆ) அவன் அந்தப் புதைகுழிக்குப் போய் அழுகிறான். (ரோகிணி படித்துவிட்டு, "அவர் போகவே இல்லையே" என்றாள்.)

6

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து ரோகிணி மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனாள். செங்கம்மாள் அன்றுதான் பிரபாவின் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். கையில் மல்லிகைச் சரம். கோதண்டராமன் படத்தை மறைத்து நின்றான்.

"போட்டுடாத செங்கம்மா. நாந்தான் அவள அங்க வுட்டேன். நாந்தான் கூட்டிகினு வரணும்."

"எத்தினி நாளுய்யா அவ பூவில்லாம கெடப்பா?"

அப்போதுதான் அவன் அழுதான். ரோகிணியால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு போகவில்லை. அதனால் அந்தச் சரம் படத்தில் ஏறியதா என்று எனக்கும் தெரியாது.

சரம் செங்கம்மாள் கையில் இருக்கிறது. அவன் இன்னும் சுவரோடு நிற்கிறான். கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்கள் உள்ளே போனால், இருவரில் யாரிடம் முதலில் பேசுவீர்கள்?