பவுனம்மாள் சொன்னதும் உதயசூரியன் சொன்னதும்

வெள்ளைக்காரி பவுனம்மாள் முன்னால் நின்றுவிட்டாள். இது திட்டத்திலேயே இல்லை. போட்டாதாங் ஆற்றங்கரையில் இருந்த அந்த அரசாங்கக் கிடங்கில் வியாழக்கிழமை காலையிலிருந்து எல்லாம் திட்டப்படிதான் நடந்துகொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்த சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பின்பக்கத்தை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? பர்மா மீதான தடைகளை அமெரிக்கா தளர்த்தி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் வாரத்துக்கு ஒரு கோஷ்டி வந்து இறங்கியது. வெள்ளைக்காரி வந்த இந்தக் கோஷ்டி, கிடங்கைத் தனியார் கம்பெனிக்கு விடுவது பற்றி அறிக்கை எழுத வந்தது. அவர்களுக்கு மொழிபெயர்க்க நின்றவன் உதயசூரியன், இருபத்தாறு வருடமாக அங்கே மூட்டை எண்ணும் குமாஸ்தா. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவிடம் கற்ற ஆங்கிலம் இத்தனை காலம் சும்மா கிடந்தது. இப்போது அதற்குத் திடீர் மவுசு.

"இங்கே குடியிருக்கும் தொழிலாளர்களுக்கு இந்த மாற்றத்தால் என்ன ஆகும்? இவரிடம் கேளுங்கள்" என்றாள் வெள்ளைக்காரி, நோட்டைப் பிரித்தபடி.

பவுனம்மாள் கிழிந்த சாக்குகளைத் தைப்பவள். கன்னத்தில் தனாகா மரப்பட்டைப் பூச்சு, கையில் கோணியூசி. பர்மிய மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மேலாளர் ஊ தெய்ன் மாங் பக்கத்தில் நின்றதால் தமிழுக்கு மாறிக்கொண்டாள். அதிகாரி அருகில் இருந்தால் முக்கியமான பேச்சைத் தமிழில் பேசுவது அந்தக் கிடங்கில் ரொம்ப நாள் வழக்கம்.

"சொல்லு தம்பி. பட்டாளத்துக்காரன் காலத்துலகூட நம்ம லைன் வீட்ட யாரும் தொடல. இப்ப நாட்டத் தொறந்துவிடறோம்னு சொல்லிட்டு நம்மள வெளிய தள்றாங்க. வீட்டக் காலி பண்றோம்னு நாளைக்கி அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டா, எங்கியோ தூரத்துல மாவ்பி பக்கம் ஒரு துண்டு நெலம். போடலன்னா அதுவும் கெடயாது. நாப்பது குடும்பம் வேலைய விட்டுட்டு அங்க போய் என்னா பண்ணும்? இந்தம்மா எழுதட்டும். ஒண்ணு விடாம சொல்லு."

ஊ தெய்ன் மாங்குக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் பேச வராது, ஆனால் கேட்டால் புரியும். புதுக் கம்பெனி வைத்துக்கொள்ளப்போகும் ஆட்களின் பட்டியலை நேற்றுத்தான் காட்டியிருந்தார். முதல் பெயர் உதயசூரியனுடையது, குடியிருக்க வீட்டோடு. நாடு மாறிவிட்டதாக ரேடியோ சொன்னது. மேலாளரின் பார்வை மாறியதாகத் தெரியவில்லை. உதயசூரியன் வெள்ளைக்காரி பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னான்.

"முப்பது வருடமாக இங்கே வேலை செய்கிறாராம். மாற்றத்தை வரவேற்கிறாராம். உங்களுக்கு நன்றி சொல்கிறார்."

"நிறையப் பேசினாரே?"

"தமிழ் அப்படித்தான் மேடம். எதையும் நீட்டித்தான் சொல்லும்."

வெள்ளைக்காரி சிரித்து, எழுதிக்கொண்டு, பவுனம்மாளின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தாள். பவுனம்மாளின் கண் கலங்கிவிட்டது. ஊ தெய்ன் மாங் உதயசூரியனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கேவலம், ஆசுவாசமாகவும் இருந்தது.

மத்தியானம் முழுக்க அவனுக்குக் கணக்குப் பிசகியது. சாயங்காலம் பவுனம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினான். சொன்னால் ஏசுவாள், காறித் துப்புவாள், ஆனால் நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அந்தத் துண்டு நிலமாவது மிஞ்சும்.

லைனில் நுழையும்போதே பாரம் தூக்கும் விநாயகமூர்த்தி ஓடிவந்து கட்டிக்கொண்டான். "ஆம்பளைய்யா நீ! அந்த ஆள பக்கத்துல வெச்சிக்கிட்டே சொல்லிப்புட்டியே!" எங்கிருந்தோ ஒரு கிண்ணம் மொகிங்கா அவன் கைக்கு வந்தது. மீன்குழம்பும் சேமியாவுமாக ஆவி பறந்த அதைப் பக்கத்துத் திண்ணையில் வைத்துவிட்டு நடந்தான்.

பவுனம்மாள் வீட்டில், காலி செய்வதற்காகக் கட்டிவைத்திருந்த மூட்டைகளை எல்லாம் அவிழ்த்துப் பரப்பியிருந்தாள்.

"அக்கா, எதுக்கும் நாளைக்கிக் கையெழுத்துப் போட்டு வெச்சிருங்க" என்றான். "அந்தம்மா எழுதுறாங்களோ, இல்லையோ."

"எதுக்குப் போடணும்? லைன்ல ஒருத்தரும் போடக்கூடாதுன்னு பேசி முடிச்சாச்சு. நீ சொன்னப்ப அவ மொகத்த நான் பாத்தேன் தம்பி. என் கையப் புடிச்சா பாரு, அது போதும்."

"அக்கா, நான் வந்து…"

"இரு. முதல்ல இந்த ஸ்டூலப் பிடி. ஒரு காலு ஆடுது."

மூட்டையிலிருந்து எடுத்த கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவன் தோளில் கை ஊன்றி மேலே ஏறினாள். அவள் விழுந்துவிடாமல் உதயசூரியன் இரண்டு கைகளாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். ஆணி சுவரில் இறங்கியது. பொடிக் காரை அவன் தலையில் உதிர்ந்தது.

"நேரா இருக்கா தம்பி?"

"நேரா இருக்குக்கா."

பக்கத்து வீட்டிலும் யாரோ ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த வீட்டிலும்.